மாரிக்கு முன் எந்த லைட் வாங்குவது?

ஐப்பசி பிறந்ததும் மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்து எலெக்ட்ரிக் கடைகளில் ஒரே கேள்விதான்: "கரண்ட் போனா எரியிற மாதிரி ஒண்டு தாங்க, விலை கூட வேணாம்." கடைக்காரர் நாலு சாமானை எடுத்து மேசையில் வைப்பார். எமர்ஜென்சி பல்ப், தலையில் கட்டும் டோர்ச், சோலார் லாம்பு, பவர் பேங்க்கில் குத்தி எரிக்கும் யூஎஸ்பி பல்ப். நாலும் மலிவு, நாலும் எரியும். ஆனால் ஒன்று செய்யும் வேலையை இன்னொன்று செய்யாது. பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட்டை மட்டும் பார்த்து வாங்குபவர், கார்த்திகை மழையில் வீடு இருண்ட பிறகுதான் பிழையானதை வாங்கியது தெரிந்து வருந்துகிறார்.

## எந்த இருட்டுக்கு வாங்குகிறீர்கள்?

நமது பக்கத்தில் கரண்ட் மூன்று விதமாகப் போகிறது.

முதலாவது, மரக்கொப்பு வயரில் விழுந்தோ டிரான்ஸ்போமர் வெடித்தோ அரை மணி, ஒரு மணி நேரம் போவது. மாரியில் அடிக்கடி நடப்பது இதுதான். இரண்டாவது, நாடே இருண்டு மணிக்கணக்கில் போவது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுக்க ஒரேயடியாகக் கரண்ட் போனது. மூன்றாவது, நாட்கணக்கில் போவது. 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியைக் கண்ட வீடுகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தூண் சாய்ந்து, ரோட்டில் மரம் கிடந்தால் வயர் இழுக்க ஆள் வந்து சேரவே நாட்கள் போகும்.

முதலாவதற்கு நல்ல சாமான் மூன்றாவதற்கு உதவாது. ஆகவே எந்த லைட்டையும் இந்த ஐந்து கேள்விகளால் அளந்து பாருங்கள்:

- ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் உண்மையில் எத்தனை மணி நேரம் எரியும்?
- கரண்ட் இல்லாத நாளில் எப்படிச் சார்ஜ் ஏற்றுவது?
- இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்குமா?
- மழையும் உப்புக்காற்றும் தாங்குமா?
- பற்றரி செத்தால் மாற்றலாமா, குப்பைக்குத்தானா?

## பெட்டியில் எழுதாத கணக்கு

பற்றரியில் எத்தனை எம்ஏஎச் (mAh, அது கொள்ளும் சார்ஜின் அளவு) என்று இருக்கும். அதை லித்தியம் பற்றரியின் வோல்ட்டான 3.7 ஆல் பெருக்கி 1000 ஆல் பிரித்தால் வாட்-மணி வரும். அதை லைட் இழுக்கும் வாட்டால் பிரித்தால் எரியும் நேரம் வரும். 1200 எம்ஏஎச் பற்றரியில் 4.4 வாட்-மணி உண்டு. 2 வாட் இழுக்கும் லைட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. அவ்வளவுதான். பெட்டியில் "8 மணி நேரம்" என்று போட்டிருந்தால், அந்த எட்டு மணியின் கடைசிப் பகுதி மின்மினிப் பூச்சி வெளிச்சம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. டோர்ச்சுகளில் வரும் விரல் தடிப்பான உருளைப் பற்றரிக்கு 18650 என்று பெயர். 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம் என்பதே அந்த எண். இந்த அளவில் நல்ல பற்றரி 2000 முதல் 3500 எம்ஏஎச் வரைதான் கொள்ளும். "9900 எம்ஏஎச்" என்று அச்சடித்த 18650 பொய். கையில் தூக்கினாலே தெரியும்: நல்லது ஏறத்தாழ 45 கிராம் இருக்கும், பொய்யானது பஞ்சு போல இருக்கும். தேங்காய் வாங்கும்போது கையில் எடுத்து நிறை பார்க்கிறோமே, அதே பழக்கம் இங்கேயும் வேண்டும்.

## எமர்ஜென்சி பல்ப்

சாதாரண பல்ப் போலவே ஹோல்டரில் போடலாம். கரண்ட் இருக்கும்போது எரிந்தபடியே உள்ளே இருக்கும் பற்றரிக்குச் சார்ஜ் ஏறும். கரண்ட் போன கணமே தானாக எரியும். இருட்டில் தடவித் தேடத் தேவையில்லை என்பதே இதன் பெரிய குணம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில், கழிவறைக்குப் போகும் வழியில், படிக்கட்டுக்கு மேலே இதைப் போலப் பொருத்தமானது வேறில்லை.

குறை எங்கே? 9 வாட், 12 வாட் என்று எழுதியிருப்பது கரண்டில் எரியும்போது. பற்றரியில் எரியும்போது 2, 3 வாட்டுக்கு இறங்கிவிடும். 1200 எம்ஏஎச் வகை இரண்டு மணி நேரத்தில் களைத்துப்போகும்.

சார்ஜ் ஏறாமல் போவதுதான் அதிகம் நடக்கும் பிழை. சுவிட்ச் போட்டு பல்ப் எரிந்தால்தான் பற்றரி நிறையும். வெறுமையிலிருந்து நிறைய 6 முதல் 8 மணி நேரம் பிடிக்கும். விருந்தினர் அறையில் போட்டுவிட்டு மாதத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் எரிப்பவர், தேவைப்படும் இரவில் "பல்ப் பழுதாகிட்டு" என்பார். பல்ப்பில் பழுதில்லை, அது பட்டினி. நாளாந்தம் நாலைந்து மணி நேரம் எரியும் இடத்தில் போடுங்கள்: குசினி, விறாந்தை. கண்ணாடிக் கூட்டுக்குள் மட்டும் போட வேண்டாம். எல்ஈடியின் சூடு வெளியே போகாமல் பக்கத்திலேயே இருக்கும் பற்றரியை அவித்துவிடும்.

இரண்டாவது விசயம் பலருக்குத் தெரியாது. கரண்ட் போன பிறகு, சுவரில் சுவிட்ச் போட்டிருக்கிறதா நிறுத்தியிருக்கிறதா என்று இந்தப் பல்ப் எப்படி அறிகிறது? தன் இரண்டு முனைகளுக்கும் இடையே மிகச் சின்ன மின்னோட்டம் ஒன்றை விட்டுப் பார்க்கிறது. சுவிட்ச் போட்டிருந்தால் அது வீட்டு வயரில் போய், ஃப்ரிட்ஜ், ஃபேன், மற்ற பல்ப்புகள் வழியே சுற்றித் திரும்பும். பாதை உண்டு என்றால் எரியும். இப்போது காற்று பலமாக அடிக்கிறது, நீங்கள் கவனமாக மெயின் சுவிட்சை இறக்கி எல்லாப் பிளக்கையும் கழற்றுகிறீர்கள். செய்ய வேண்டியதுதான். ஆனால் அந்தப் பாதை அறுந்துவிடுவதால், எமர்ஜென்சி பல்ப்பும் அணைந்துவிடக்கூடும். சூறாவளி இரவில் இதை நம்பியிருக்க முடியாது என்பதற்குக் காரணம் இது. சில பல்ப்புகளோடு கொக்கி வைத்த சின்ன மூடி ஒன்று தருவார்கள். மெயினை இறக்கிய பிறகு பல்ப்பைக் கழற்றி அந்த மூடியை மாட்டினால் முனைகள் இரண்டும் இணைந்து எரியும், தூக்கிக்கொண்டும் போகலாம். மூடியை எறியாமல் மீற்றர் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் கொளுவி வையுங்கள்.

வாங்கும்போது உங்கள் வீட்டு ஹோல்டர் பின் வகையா, திருகு வகையா என்று பார்த்துப் போங்கள்.

## தலை டோர்ச்

நாலிலும் மலிவான வகைகளில் ஒன்று, அதிகம் உழைப்பதும் இதுதான். கட்டாயம் ஒன்று மட்டும் வாங்க முடியும் என்றால் இதையே வாங்கச் சொல்லலாம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இரவில் வட்டைக்கு (வயல்வெளிக்கு) தண்ணீர் கட்டப் போகிறவருக்கு ஒரு கையில் மண்வெட்டி இருக்கும், மறு கை வரம்பில் சமநிலை பிடிக்கும். வாவியில் வலை எடுப்பவருக்கு இரண்டு கையும் வலையில். வீட்டிலும் அப்படித்தான்: கூரை ஒழுகும் இடத்தில் வாளி வைக்க, பிள்ளைக்கு மருந்து அளக்க, கிணற்றில் தண்ணீர் அள்ள, எல்லாவற்றுக்கும் இரண்டு கை வேண்டும். போனின் வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு நிற்பதில் போனின் பற்றரியும் கரையும். அவசரத்துக்கு ஒரு கோல் எடுக்க அந்தப் பற்றரி மிஞ்ச வேண்டும்.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று பற்றரி உள்ளேயே அடைத்தது. மெல்லியது, விலை குறைவு, ஆனால் பற்றரி செத்தால் சாமானே போச்சு. மற்றது பின்மூடி திறந்து 18650 பற்றரி மாற்றக்கூடியது. சற்று விலை கூட, பாரமும் கூட. வயலுக்கும் வாவிக்கும் இரண்டாவதுதான் சரி. ஒரு பற்றரி டோர்ச்சில், இன்னொன்று சட்டைப்பையில் பிளாஸ்டிக் டப்பியில் என்று விடியும்வரை ஓட்டலாம். சட்டைப்பையில் சில்லறைக் காசோடும் சாவிக்கொத்தோடும் வெறும் பற்றரியைப் போட வேண்டாம், முனைகள் முட்டினால் சூடேறி எரியும்.

மாற்றுப் பற்றரி வாங்கும்போது ஒரு சிக்கல் வரும். பாதுகாப்புத் தகடு வைத்த பற்றரி 65 மில்லிமீற்றரை விட நாலைந்து மில்லிமீற்றர் நீளம். சில டோர்ச்சுக்குள் அது போகாது, மூடி மூடாது. தட்டை முனைப் பற்றரி சிலதில் முட்டாது. டோர்ச்சையே கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து வாங்குவதுதான் வழி.

2500 எம்ஏஎச் பற்றரி ஒன்றில் 9 வாட்-மணி உண்டு. முழு வெளிச்சத்தில் 3 வாட் இழுத்தால் மூன்று மணி நேரம். குறைந்த வெளிச்சத்தில் அரை வாட் இழுத்தால் ஒரு இரவு தாண்டும். காலடி பார்க்கக் குறைந்த வெளிச்சமே போதும், புடையன் பாம்பு கிடந்தால் தெரியும். சிவப்பு வெளிச்சம் வைத்த வகையென்றால் இன்னும் நல்லது. மழைக்காலத்துப் பூச்சி முகத்தில் மொய்ப்பது குறையும், கண்ணும் இருட்டுக்குப் பழகியபடியே இருக்கும்.

இதனால் ஆகாத வேலை ஒன்றுண்டு. தலை டோர்ச்சின் வெளிச்சம் அகலமாகப் பரவும், தூரம் போகாது. யானை வரும் வட்டையில் காவல் இருப்பவர் நூறு மீற்றர் தள்ளி நிற்கும் கரிய உருவத்தை இதனால் காண முடியாது. அதற்கு வெளிச்சத்தைக் குவித்து அடிக்கும் கை டோர்ச் வேறாக வேண்டும். பரணில் இரண்டும் இருக்கட்டும்.

கரையோர உப்புக்காற்று சார்ஜ் குத்தும் துளையைத்தான் முதலில் தின்னும். செம்பு பச்சை பிடித்து, வயர் குத்தினாலும் சார்ஜ் ஏறாது. ரப்பர் மூடி இறுக்கமாக இருக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்றிருந்தால் எந்தப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்பது பொருள், வாவியில் முக்கி எடுக்கலாம் என்பதல்ல. உப்புத் தண்ணீரில் விழுந்துவிட்டால் பற்றரியைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காயவிட்ட பிறகே சார்ஜில் போடுங்கள். ஈரத்தோடு குத்தினால் முனைகள் ஒரே இரவில் அரித்துவிடும்.

## சோலார் லாம்பு

கேட்க இனிமையாக இருக்கும்: வெயிலில் வைத்தால் போதும், கரண்ட் காசு இல்லை. கணக்குப் பார்த்தால் கசக்கும். லாம்பின் தலையில் ஒட்டியிருக்கும் உள்ளங்கை அளவுச் சோலார் பலகை அரை வாட் அளவே. நல்ல வெயில் ஐந்து மணி நேரம் கிடைத்து, இழப்புக் கழித்தால் ஏறுவது 2 வாட்-மணிக்கும் குறைவு. 1 வாட் லைட்டுக்கு இரண்டு மணி நேரம்கூட இல்லை. நமக்கு மழை கொட்டுவது நவம்பரிலிருந்து ஜனவரி வரை. கரண்ட் அதிகம் போவதும், வானம் மூடிக் கிடப்பதும் ஒரே மாதங்கள். லைட் தேவைப்படும் காலத்தில்தான் சூரியன் இல்லை.

இன்னொரு மறைந்த செலவு: பலகை லாம்போடு ஒட்டியிருப்பதால் லாம்பும் பற்றரியும் சேர்ந்து வெயிலில் காய்கின்றன. 45 பாகை செல்சியஸுக்கு மேல் சூடான லித்தியம் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றினால் ஆயுள் குறையும். சித்திரை வெயிலில் தகரக் கூரைமேல் வைத்தால் அந்தச் சூடு சுலபமாக வரும்.

ஆனாலும் இதுதான் சரியான இடம் ஒன்றுண்டு: வயரே போகாத வாடி (தங்கும் குடிசை). அங்கே வயர் நீட்டித் தனியாக வரும் 5 அல்லது 10 வாட் பலகை வைத்த வகையை வாங்குங்கள். பலகை கூரையில் தெற்குப் பார்த்துச் சற்றுச் சாய்ந்து இருக்கட்டும், லாம்பு உள்ளே நிழலில் இருக்கட்டும். மாரி மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் அந்தத் திசை உதவும். சாய்வு இருந்தால் மழையே தூசியைக் கழுவிவிடும். வீட்டுக்கு வாங்குவதென்றால், யூஎஸ்பியாலும் சார்ஜ் ஏறும் வகையை மட்டும் வாங்குங்கள்.

## பவர் பேங்க்கும் யூஎஸ்பி பல்ப்பும்

பல வீடுகளில் பவர் பேங்க் ஏற்கனவே இருக்கிறது. அதில் குத்தும் பல்ப் மட்டும் வாங்கினால் போதும், அது நாலில் மிகக் குறைந்த விலை. 10,000 எம்ஏஎச் பவர் பேங்க்கில் 37 வாட்-மணி. 5 வோல்ட்டுக்கு மாற்றும் இழப்புப் போக 30 வாட்-மணி கையில் வரும். 3 வாட் பல்ப் பத்து மணி நேரம் எரியும். எமர்ஜென்சி பல்ப்பின் நாலைந்து மடங்கு நேரம் இது. 2022 போல நீண்ட வெட்டுக்கும், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும், நோன்பு காலத்துச் சஹர் சமையலுக்கும் இதுவே பொருத்தம்.

பல்ப்பை முகட்டில் தொங்கவிட வேண்டாம். மேசைக்கு இரண்டடி உயரத்தில் தொங்கவிட்டால், முகட்டில் எரியும் பெரிய பல்ப்பைவிடப் புத்தகத்தில் வெளிச்சம் கூடுதலாக விழும். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும்.

மங்கலாக எரிகிறது என்று பல்ப்பைக் குறை சொல்லுமுன் வயரைப் பாருங்கள். மூன்று மீற்றர் மெல்லிய யூஎஸ்பி வயர் 5 வோல்ட்டில் அரை வோல்ட்டுக்கு மேல் தானே விழுங்கும். குட்டையான, தடித்த வயர் போடுங்கள். மிகச் சின்ன லைட் போட்டால் சில பவர் பேங்க், குத்திய சாமானுக்குச் சார்ஜ் முடிந்துவிட்டது என்று எண்ணித் தானே அணைந்துவிடும். 1 வாட்டுக்கு மேற்பட்ட பல்ப்பில் இது பெரும்பாலும் வராது. கடையிலேயே பத்து நிமிடம் எரியவிட்டுப் பாருங்கள்.

பவர் பேங்க்கிலும் பொய் எண் உண்டு. 10,000 எம்ஏஎச் நல்லது 200 கிராம் அளவில் இருக்கும். சரியாகச் சோதிக்க யூஎஸ்பி மீற்றர் என்று பெருவிரல் அளவில் ஒரு சாமான் விற்கிறார்கள். பவர் பேங்க்குக்கும் பல்ப்புக்கும் நடுவில் குத்தினால் வோல்ட், அம்பியர், இதுவரை போன எம்ஏஎச் எல்லாம் சின்னத் திரையில் ஓடும். நிறையச் சார்ஜ் ஏற்றி, பல்ப்பை மாட்டி, அணையும்வரை விடுங்கள். 10,000 என்று எழுதியதில் 5 வோல்ட் பக்கம் 6,000 அளவு காட்டினால் சரக்கு நேர்மையானது. 2,500 இல் நின்றால் கடைக்குத் திருப்பிக் கொண்டு போங்கள். "7 வாட்" பல்ப் உண்மையில் 3 வாட்தான் இழுக்கிறது என்பதையும் அதே திரை காட்டிக்கொடுக்கும். அயலில் ஒருவரிடம் இருந்தாலே ஒரு தெருவுக்குப் போதும்.

## நாலையும் பக்கத்தில் வைத்தால்

| | எரியும் நேரம் | கரண்ட் இல்லாத நாளில் சார்ஜ் | பற்றரி மாற்றலாமா | எங்கே நல்லது |
|---|---|---|---|---|
| எமர்ஜென்சி பல்ப் | 2 மணி அளவு | முடியாது | பெரும்பாலும் இல்லை | படி, கழிவறை வழி, குசினி |
| தலை டோர்ச் | 3 மணி முதல் ஒரு இரவு | பவர் பேங்க்கால் | 18650 வகையில் ஆம் | வயல், வாவி, புயல் இரவு |
| சோலார் லாம்பு | ஒரு நாள் வெயிலுக்கு 2 மணிக்கும் குறைவு | வெயில் இருந்தால் | வகையைப் பொறுத்தது | வயர் போகாத வாடி |
| பவர் பேங்க், 3 வாட் பல்ப் | 10 மணி அளவு | மோட்டார் சைக்கிள், கார் சார்ஜரால் | இல்லை | படிப்பு மேசை, நீண்ட வெட்டு |

## வாங்கக் கூடாத ஒன்று

சுவர் பிளக்கில் நேரே குத்தும் கம்பிகள் பின்னால் மடிந்திருக்கும் டோர்ச்சுகள் இன்னும் விற்பனையில் உண்டு. மலிவானவற்றில் 230 வோல்ட்டைத் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்போமர் உள்ளே இருக்காது, ஒரு கப்பாசிற்றர் மட்டுமே. சார்ஜில் இருக்கும்போது உள்ளே உள்ள எல்லா முனையும் கரண்ட் வயரோடு தொடர்பில் இருக்கும். உடைந்த கண்ணாடிக்குள்ளே பிள்ளை விரல் போட்டால் முடிந்தது. அதே டோர்ச்சில் வரும் ஈயப் பற்றரி, சார்ஜ் இறங்கிய நிலையில் சில மாதம் கிடந்தாலே செத்துவிடும். வீட்டில் ஏற்கனவே இருந்தால் சார்ஜில் குத்தியபடி எரிக்கவோ தொடவோ வேண்டாம்.

## ரவுட்டருக்கும் வேண்டுமென்றால்

கரண்ட் போனாலும் இன்டர்நெட் வேண்டும் என்பவர்களுக்கு மினி யூபிஎஸ் என்ற பற்றரி வைத்த சின்னப் பெட்டி உண்டு. ரவுட்டரின் அடியில் 12 வோல்ட் என்றிருந்தால் பெட்டியின் 12 வோல்ட் துளையில்தான் குத்த வேண்டும். 9 வோல்ட் ரவுட்டரை 12 இல் குத்தினால் கருகக்கூடும். 7 வாட் இழுக்கும் ரவுட்டருக்கு 32 வாட்-மணிப் பெட்டி நாலு மணி நேரம் தரும். பல மணி நேர வெட்டில் போன் கோபுரத்தின் பற்றரியும் தீர்ந்துபோகும், அப்போது உங்கள் ரவுட்டர் எரிந்தும் பயனில்லை. வீட்டில் இருந்து வேலை செய்பவருக்கும் ஒன்லைன் வகுப்புப் பிள்ளைக்கும் வாங்கலாம். மற்றவர்கள் அந்தக் காசில் இரண்டாவது தலை டோர்ச் வாங்குங்கள்.

## காசு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும் என்றால்

முதல் மாதம் 18650 தலை டோர்ச் ஒன்று. இரண்டாம் மாதம் யூஎஸ்பி பல்ப், பவர் பேங்க் இல்லையென்றால் அதையும் சேர்த்து. மூன்றாம் மாதம் குசினிக்கோ கழிவறை வழிக்கோ ஒரு எமர்ஜென்சி பல்ப். வாவிக்கு மேற்கே வாடியில் இராத் தங்குபவர்கள் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் பதிலாகத் தனிப் பலகை சோலார் லாம்பும், குவித்து அடிக்கும் கை டோர்ச்சும் வாங்கட்டும்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு மாலை, மெயின் சுவிட்சை இறக்கி, இருப்பதையெல்லாம் எரியவிட்டு நேரம் குறியுங்கள். இரண்டு மணி நேரம் எரிந்தது அரை மணியில் அணைந்தால் பற்றரி போய்விட்டது, மாற்ற இன்னும் நாளிருக்கிறது. பிறகு எல்லாவற்றையும் நிறையச் சார்ஜ் ஏற்றி, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மீண்டும் ஏற்றுங்கள். வெறுமையாகக் கிடக்கும் லித்தியம் பற்றரி திரும்ப எழும்பாது. வயிறு உப்பிய பற்றரி கண்டால் குத்தவோ அழுத்தவோ குப்பையோடு கொளுத்தவோ வேண்டாம். சார்ஜிலிருந்து கழற்றி, வீட்டுக்கு வெளியே மணல் போட்ட தகரப் பேணியில் வைத்து, பழைய எலெக்ட்ரோனிக் சாமான் எடுப்பவரிடம் கொடுங்கள்.